ஓடியும் நகராத கார்கள்

க்ளெனிஸ் டாம்ப்ளினிடம் ஓட்டுநர் உரிமம் கிடையாது. ஆனால் அவள் வயிறு கழுவியது கார் ஓட்டித்தான்.

அடிலெய்டுக்கு வடக்கே, எலிசபெத் பகுதியில், கார் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு யாருக்கும் வேண்டாமல் நின்ற கொட்டகைகளில் ஒன்றில் அந்தச் சோதனைக்கூடம் இருந்தது. தரையில் பதித்த இரண்டு இரும்பு உருளைகள். காரின் முன்சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி, அடங்காத காளையைக் கட்டுவதுபோல நாலு மூலையிலும் பட்டை போட்டு இறுக்குவார்கள். சக்கரம் சுற்றும், உருளையும் சுற்றும், கார் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். எதிரே ஆளுயரக் காற்றாடி ஒன்று, ரோட்டுக் காற்றின் வேலையைப் பார்க்கும்.

கண்ணாடிக்கு வெளியே ஒரு திரை. அதில் வெள்ளைக் கோடு ஒன்று ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் ரோடு. கோடு ஏறினால் வேகம் கூட்ட வேண்டும், இறங்கினால் பிரேக். கோட்டுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. காரின் வேகம் பச்சைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி இரண்டு சிவப்புக்கும் நடுவில் இருக்கும்வரை சோதனை செல்லும். வெளியே போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பவே கூடாது.

க்ளெனிஸின் புள்ளி வெளியே போனதே இல்லை என்று சொல்லலாம். ஒரே ஒரு முறை, யாரும் இல்லாத அந்த அறையில், திரைக்குப் பின்னால் ஏதோ நிழல் அசைந்ததும் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டாள்; அந்த நொடியில் கால் தளர்ந்து புள்ளி வெளியே போய்விட்டது. வடக்கே ஆளரவமற்ற நெடுஞ்சாலைகளில் எதிரில் வரும் வண்டிக்கு அப்படித்தான் விரல் தூக்குவார்கள்; தூக்காதவன் மனுஷனே இல்லை. பக்கத்துக் கண்ணாடி அறைக்குள் இருந்த லாக்கிஸ் ஒலிபெருக்கியில் கேட்டான்:

"யாரு மகராசி அது? காத்தாடியா உன் சொந்தக்காரன்?"

"உன் மாமியார்டா. நேத்து செத்துப்போன மாதிரி நடிச்சிட்டு இன்னிக்கு எதிர்ல வர்றா."

"என் மாமியார் செத்தா ஏதென்ஸ்ல பட்டாசு வெடிக்கும், உனக்குக் கேட்டிருக்கும். ரோட்டப் பாரு."

லாக்கிஸ் கிரேக்கக் குடும்பத்துப் பையனாக இந்த ஊரில் பிறந்து, தொழிற்சாலையில் கதவு மாட்டி, அது மூடியதும் இங்கே அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ள வந்தவன். ஐம்பதைத் தாண்டியும் வாய் அடங்கவில்லை.

க்ளெனிஸ் வந்த வழி வேறு. பீட்டர்பரோவில், ரயில் பட்டறைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தாள். பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார முடியாதவள் அறுவடைக் காலத்தில் கோதுமை லாரியில் உட்கார்ந்தால் நாள் பூராவும் இறங்க மாட்டாள். கல்யாணம், ஒரு மகள், விவாகரத்து. இது மூன்றும் நடந்த காலத்திலும் அவள் தொலைதூரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அடிலெய்டிலிருந்து போர்ட் ஒகஸ்டா, அங்கிருந்து மலைப்பக்கம். பின்னால் நாற்பது பேர் தூங்க, முன்னால் ஒரு வளைவுகூட இல்லாத ரோடு. அந்த ரோட்டில் தன்னை யாரும் எதுவும் கேட்க முடியாது என்பதே அவளுக்குச் சொர்க்கமாக இருந்தது.

ஐம்பத்தோராவது வயதில் ஒரு காலை, பல் துலக்கும்போது, மூளையில் சின்ன இரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. கை போகவில்லை, கால் போகவில்லை, பேச்சு போகவில்லை. "அதிர்ஷ்டக்காரி" என்றார்கள் ஆஸ்பத்திரியில். பார்வையில் இடப்பாதி மட்டும் போயிருந்தது. ஒரு கண் அல்ல. இரண்டு கண்ணிலும் இடது பக்கம். கருப்பாகக்கூட இல்லை, அங்கே எதுவும் இல்லை. தட்டில் இடப்பக்கம் வைத்த கறித்துண்டைச் சாப்பிடாமல் "இன்னிக்கு என்ன, வெறும் உருளைக்கிழங்கா?" என்று தாதியோடு சண்டை போட்டாள்.

பார்வைப் பரிசோதனை செய்த டாக்டர் நல்ல மனிதர். சுற்றி வளைக்கவில்லை.

"இது திரும்பி வராது, க்ளெனிஸ். இனிமே ரோட்ல ஓட்ட முடியாது."

"பஸ்தானே? சின்னக் கார்?"

"ஒண்ணுமே முடியாது."

எலிசபெத்தில் கார் இல்லாதவர் பாதி ஆள். அந்த ஊரைக் கட்டியவர்கள் காரை விற்பதற்காகவே கட்டியவர்கள்: வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், டாக்டர் இன்னொரு பக்கம். தொழிற்சாலை போன பிறகும் தூரங்கள் போகவில்லை. நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில், நிழலே இல்லாத நிறுத்தத்தில், மணிக்கொரு பஸ்ஸுக்காகக் கடையில் வாங்கிய பாலோடு நிற்கும் கிழவிகளைப் பார்த்து க்ளெனிஸ் ஒரு காலத்தில் பரிதாபப்பட்டிருக்கிறாள். இப்போது அவர்கள் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள்.

பெர்த்தில் இருந்த மகள் போனில் "இங்க வந்துடும்மா" என்றாள். அங்கே போய்? மகளுடைய காரில் பின்சீட்டில் உட்கார்ந்து எங்கே எப்போது போக வேண்டும் என்று விண்ணப்பம் போடுவதா?

அப்போதுதான் டெர்மட் பாஸ்க் கூப்பிட்டார். சோதனைக்கூடத்தின் மேலாளர். அவர் மனைவி க்ளெனிஸோடு பேருந்துக் கம்பெனியில் டிக்கெட் கொடுத்தவள்.

"இங்க ரோடும் இல்ல, போலீசும் இல்ல," என்றார் டெர்மட். "திரைய வலது பக்கமாத் தள்ளி வெச்சிடறேன். உன் கால் எனக்குப் போதும்."

அவள் அன்று காரில் ஏறி, கதவைச் சாத்தி, கால் மிதித்து, உருளைகள் கீழே உறுமியதும் அழுதுவிட்டாள். லாக்கிஸ் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் வாயாடாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

மூன்றாண்டுகள் இப்படி ஓடின. பூமியைச் சுற்றி வரும் தூரத்தை அவள் பல தடவை ஓட்டிவிட்டாள்; கொட்டகையின் சுவர் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. அது சிறைதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிறைக்குள் மட்டுமே அவள் க்ளெனிஸாக இருந்தாள். வெளியே அவள் இடப்பக்கம் வருகிறவர்களை இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கும் ஒரு பெண்.

அந்தக் கோடையில் மூன்று கார்கள் வந்தன.

ஒன்று டீசல் ஹைப்ரிட்: டீசல் இன்ஜினும் சின்ன பேட்டரியும் சேர்ந்தது. இரண்டாவது முழு மின்சாரக் கார். மூன்றாவது எரிகலக் கார்: தொட்டியில் ஹைட்ரஜன் வாயு, அதைக் காற்றோடு சேர்த்து வண்டிக்குள்ளேயே மின்சாரம் செய்துகொள்ளும், புகைக்குழாயில் தண்ணீர் சொட்டும்.

வடக்கு மாவட்டங்களின் கூட்டுக்குழு ஒன்று நோயாளிகளை ஏற்றிச் செல்ல வண்டிகள் வாங்கப்போகிறது. மலையடிக் குடியிருப்புகளிலிருந்து போர்ட் ஒகஸ்டா ஆஸ்பத்திரிக்கு, வாரம் மூன்று தடவை, சிறுநீரகம் கெட்டவர்களை இரத்தச் சுத்திகரிப்புக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவிட வேண்டும். போக இருநூறு, வர இருநூறு. எனவே குழு வைத்த விதி எளிமையானது: அறையை நாற்பத்திரண்டு டிகிரிக்குச் சூடாக்கி, ஏசியைப் போட்டு ஓட்டும்போது, ஒரு தடவை நிரப்பியதில் நானூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். தேறிய வண்டிகளில் எது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் குறைவாகச் சக்தி குடிக்கிறதோ, அதைத்தான் வாங்குவார்கள்.

அந்தப் பயணிகளை க்ளெனிஸுக்குத் தெரியும். பல வருடம் அவள் பேருந்தின் முன்சீட்டில் வந்தவர்கள் அவர்கள். வோன்டா ஆன்டி என்று எல்லோரும் அழைத்த ஒரு பழங்குடிப் பெண் ஏறியதுமே சொல்லுவாள்: "மெல்லப் போடி, என் இரத்தத்த இப்பத்தான் துவைச்சுக் காயப்போட்டிருக்காங்க." ஒரு நாடு தன் சாலைகளை யாருடைய நிலத்தின் மேல் போட்டதோ, அவர்களையே நானூறு கிலோமீட்டர் அலையவைத்து உயிர் பிழைக்கச் சொல்கிறது. சுத்திகரிக்கும் இயந்திரத்தை அவர்கள் ஊருக்கு அனுப்பினால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது, எந்தக் காரில் அலையவிடலாம் என்று.

முதலில் டீசல் ஹைப்ரிட். க்ளெனிஸ் ஓட்டினாள். தொட்டி நிறைய டீசல், தூரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் குடித்தது சாதாரண டீசல் கார் அளவுக்கு.

"ஹைப்ரிட்னு பேர் வெச்சிட்டாப் போதுமா?" என்றான் லாக்கிஸ். "பிரேக் பிடிக்கும்போது வீணாப் போற சக்திய இது பேட்டரில புடிச்சு வெக்கும். வடக்க எங்க பிரேக் பிடிக்கிறாங்க? கங்காரு குறுக்க வந்தாத்தான்."

"கங்காருவ ஊருக்கு ஒண்ணு வேலைக்கு வெச்சுக்கலாம்," என்றாள் க்ளெனிஸ்.

அடுத்தது எரிகலக் கார். அதுவும் தேறியது, டீசலைவிடக் குறைவாகக் குடித்தது. ஆனால் தொட்டிக்குள் வந்து சேர்ந்த ஹைட்ரஜனைத்தான் இங்கே எடை போடுகிறார்கள். தண்ணீரை மின்சாரத்தால் உடைத்து, வாயுவை அமுக்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஊற்றுவதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே கரைந்துபோயிருக்கும். அதே மின்சாரத்தை நேரே பேட்டரியில் ஊற்றியிருந்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு தூரம் ஓடலாம். இந்தக் கணக்கு எந்தச் சோதனைத்தாளிலும் வராது, ஏனென்றால் தாளில் அளவு தொட்டியின் மூடியிலிருந்துதான் தொடங்குகிறது. எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறோம் என்பதை முடிவு செய்கிறவனே வெற்றியையும் முடிவு செய்துவிடுகிறான். இதில் பொய் என்று ஒரு எழுத்தைக்கூட யாரும் காட்ட முடியாது.

மூன்றாவது நாள் மின்சாரக் காரைக் கட்டிக்கொண்டிருக்கும்போது டெர்மட் வந்தார். லாக்கிஸ் சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்தான். டெர்மட் வலப்பக்கக் கதவருகே குனிந்தார். அவள் பார்க்கக்கூடிய பக்கம் எது என்று அவருக்கு எப்போதும் நினைவிருக்கும்.

"இத உன் பஸ் காலால ஓட்டு."

"எது பஸ் கால்?"

"லேட்டா கிளம்பி நேரத்துக்குள்ள போர்ட் பிரி ஊரைப் புடிக்கப் போவியே, அந்தக் கால். மிதிச்சு எடு, அமுக்கிப் பிடி. சிவப்புக்குள்ளதான் இருக்கணும். வெளில போகாத."

க்ளெனிஸுக்கு உடனே புரிந்தது. வெள்ளைக் கோடு நேராக இருந்தாலும் இரண்டு சிவப்புக்கும் நடுவில் விளையாட இடம் உண்டு. ஒரு கால் அந்த இடத்துக்குள் பூனைபோல நழுவிப் போகலாம். ஒவ்வொரு மேட்டையும் கொஞ்சம் மழுக்கி, பள்ளத்தைக் கொஞ்சம் தூர்த்து. இன்னொரு கால் அதே இடத்துக்குள் எகிறி எகிறிக் குதிக்கலாம். இரண்டும் சட்டப்படி சரி. பேட்டரிக்கு மட்டும் வித்தியாசம் தெரியும்.

"டெர்மட், இந்தக் கார் நானூறுக்குப் பக்கத்துலதான் நிக்கும்னு எல்லாருக்கும் தெரியும்."

"அதனாலதான் சொல்றேன்."

"மத்த ரெண்டையும் சும்மாதானே ஓட்டினேன்?"

"மத்த ரெண்டும் உன் கால நம்பி இல்ல. இது இருக்கு." அவர் கதவின்மேல் கையை ஊன்றினார். "இது தோத்து ஹைட்ரஜன் கார் ஜெயிச்சா அந்தக் கம்பெனிக்காரன் போர்ட் ஒகஸ்டால வாயு நிரப்பற நிலையம் கட்டுவான். கட்டினா அடுத்த அஞ்சு வருஷச் சோதனை பூரா நமக்கு. கட்டலன்னா இந்தக் கொட்டகைல ஆடு மேய்க்கலாம். உனக்கே தெரியும்."

"அது தப்பில்லையா?"

"எதுல தப்பு? புள்ளி சிவப்ப விட்டு வெளில போனாத் தப்பு." பிறகு குரலைத் தணித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கஷ்டம். "இங்க பாரு, மெல்பர்னுக்கு ஒரு போன் போட்டா ஓட்டற ரோபோ வாடகைக்கு வரும். சீட்ல வெச்சுக் கட்டினா அதுபாட்டுக்கு மிதிக்கும், ஒரு கேள்வி கேக்காது. நான் கூப்பிட்டேனா? மூணு வருஷமா கூப்பிடல. ஏன்னு உனக்குத் தெரியும். உன்ன வேற எவன் கார்ல ஏத்துவான், க்ளெனிஸ்?"

கதவைச் சாத்திக்கொண்டாள்.

அறை சூடாகி நாற்பத்திரண்டைத் தொட்டது. ஏசி முனகியது. கோடு ஏறத் தொடங்கியது. அவள் மிதித்தாள்; லேட்டாகக் கிளம்பிய பஸ்ஸை மிதிப்பதுபோல மிதித்தாள். பச்சைப் புள்ளி மேலே இருந்த சிவப்பை உரசி, கீழே இருந்த சிவப்பை உரசி, ஒரு தடவைகூட வெளியே போகாமல் குதித்தது. இவ்வளவு நேர்த்தியாக இவ்வளவு கேவலமான காரியத்தை அவள் வாழ்நாளில் செய்ததில்லை.

ஓட்டம் முடிந்து பேட்டரி வற்றியபோது தூரம் முந்நூற்றெண்பத்தாறு.

"நல்ல ஒத்திகை," என்றார் டெர்மட். "வியாழக்கிழமை குழுவோட இன்ஜினியர் நேர்ல பார்க்க வர்றா. அவ முன்னாடி ஓட்டறதுதான் தாள்ல ஏறும். இதையே ஓட்டு."

அன்று பஸ் நிறுத்தம்வரை லாக்கிஸ் கூடவே நடந்து வந்தான். அவனிடம் பழைய கார் ஒன்று இருந்தது. தினமும் கொண்டுபோய் விடுகிறேன் என்பான், அவள் மாட்டேன் என்பாள். பின்சீட்டுப் பிழைப்பு தொடங்கினால் நிற்காது என்று அவளுக்குப் பயம்.

"என்னடி அது? கால்ல எறும்பு கடிச்சுதா?"

அவள் சொன்னாள். அவன் நின்றுவிட்டான்.

"அட நாய்ப்பயலே. மூஞ்சப் பாத்தா திருப்பலிக்கு மணி அடிக்கிறவன் மாதிரி இருக்கான்." கொஞ்ச தூரம் திட்டிக்கொண்டே வந்துவிட்டுக் கேட்டான்: "சரி, வியாழக்கிழமை மெத்துனு ஓட்டிடு. பூனைக்கால். எவ்வளவு வரும்?"

"நானூத்து இருபத்தஞ்சு வரும்."

"முடிஞ்சுது போ. கார் ஜெயிச்சுது."

"நான் ஜெயிக்கவெச்சதா ஆகும்."

"அதுல என்ன?"

"வடக்க எவன்டா பூனைக்காலோட ஓட்டறான்? முரட்டுக்கால் பொய்னா இதுவும் பொய்தான். அவனுக்காக ஒரு பொய், எனக்காக ஒரு பொய்."

"சரி, ரெண்டுக்கும் நடுவுல ஓட்டு. அந்த ரெண்டு காரையும் ஓட்டின மாதிரி."

"அதான் எனக்கு வரல." அவள் தன் வலது காலைப் பார்த்தாள். "அப்போ ஒண்ணும் தெரியாம ஓட்டினேன். இப்போ எப்படி மிதிச்சாலும் எதுக்கு மிதிக்கிறேன்னு எனக்கே தெரியுது. சாதாரணமா மிதிக்கிறதா நெனச்சுக்கிட்டு ஒரு பக்கம் சாய்ஞ்சிருவேன். இந்தக் கால இனிமே நம்பமுடியாது."

"அப்ப பேசாம ஓட்டிட்டுப் போ. எனக்கு ரெண்டு பொண்ணு, வீட்டுக்கடன். உனக்கு அந்த சீட்ட விட்டா வேற என்ன இருக்கு? நான் உன்னக் குத்தம் சொல்லமாட்டேன்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். டெர்மட் சொன்னதும் அதுவேதான். உலகத்தில் மனிதனை அடக்கிவைக்கச் சவுக்கு தேவையில்லை. அவன் விரும்பும் ஒரே பொருளைக் கண்டுபிடித்து அதைக் கொடுத்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு அவனே கதவுக்குக் காவல் நிற்பான்.

வியாழக்கிழமை ஃபிலிப்பா நோஸ்கே வந்தாள். குழுவின் இன்ஜினியர், நாற்பது வயதிருக்கும், காலணியெல்லாம் செம்மண். போர்ட் ஒகஸ்டாவிலிருந்து தானே ஓட்டி வந்திருந்தாள். டெர்மட் காபியும் இறைச்சி வைத்துச் சுட்ட பஃப்ஸும் கொடுத்து உபசரித்தார். க்ளெனிஸ் காரில் ஏறினாள், ஆனால் கதவைச் சாத்தவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள். "ஆஸ்பத்திரில அவங்கள மெஷின்ல போட்டா அஞ்சு மணி நேரம் ஆகும். நான் எத்தனையோ தடவை வெளில காத்துக்கிட்டு இருந்திருக்கேன். அந்த நேரத்துல கார சார்ஜ்ல போட்டாலே பாதி ஏறிடுமே. எதுக்கு நானூறு?"

டெர்மட் சிரித்தார். "க்ளெனிஸ், அது நம்ம வேலையில்ல."

ஃபிலிப்பா சிரிக்கவில்லை. "தெரியும். நானும் எழுதிக் கேட்டுட்டேன். கார் நிறுத்துற இடம் ஒருத்தன் கைல, மின்சாரம் இன்னொருத்தன் கைல. ஒரு கம்பி இழுக்க ரெண்டு வருஷம்னாங்க. அதுவரைக்கும் விதி நானூறுதான். என் கையும் கட்டித்தான் இருக்கு."

"அப்ப இன்னொண்ணு சொல்றேன்." க்ளெனிஸ் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அது கழன்று போய்விடும் என்பதுபோல. "இந்தக் காரு நானூறு ஓடணுமா, ஓடக் கூடாதா? நீங்க எது கேட்டாலும் தர்றேன். சிவப்புக் கோட்டைத் தொடாமலே தர்றேன்."

டெர்மட் கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"விளையாடுறா," என்றார் டெர்மட். "பழைய பஸ் டிரைவர். எப்பவும் இப்படித்தான்."

"விளையாடல. திங்கக்கிழமை முந்நூத்தி எம்பத்தாறு ஓட்டினேன். மனசு வெச்சா நானூத்து இருபத்தஞ்சு ஓட்டுவேன். லாக்கிஸ்கிட்ட கேளுங்க, திங்கக்கிழமைக் கோடு கம்ப்யூட்டர்ல இருக்கும்."

எல்லோரும் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பினார்கள். லாக்கிஸ் தன் இரண்டு மகள்களையும் வீட்டுக்கடனையும் நினைத்திருக்க வேண்டும். ஒலிபெருக்கி கரகரத்தது.

"இருக்கு," என்றான். "வேணும்னா போட்டுக் காட்டறேன்."

போட்டுக் காட்டினான். பச்சைக் கோடு இரண்டு சிவப்புக்கும் நடுவில் ரம்பப் பல்லாக ஓடியது. ஃபிலிப்பா கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஓட்டச் சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அதன்பின் வேறு ஏதாவது செய்தாக வேண்டும். அவளுக்கு மூன்று வண்டிகளின் கணக்குதான் வேண்டியிருந்தது. அதிகாரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் இப்படித்தான் சில கேள்விகளைச் சாப்பிட்டுவிடுகிறார்கள்.

"அப்ப எப்படி அளக்கறது?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் க்ளெனிஸுக்குத் தெரியும். மூன்று இரவுகளாக அதைத் தவிர வேறு எதையும் அவள் நினைக்கவில்லை. சொல்லாமல் இருக்கவும் வழி இருந்தது. "இனிமே நியாயமா ஓட்டறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஃபிலிப்பா நம்பிவிடுவாள், க்ளெனிஸின் சீட்டும் தப்பிக்கும். நம்பத்தகுந்த முகம் அவளுக்கு. எத்தனை பயணிகள் அந்த முகத்தை நம்பித் தூங்கியிருக்கிறார்கள்.

"ரோபோ," என்றாள். "மூணு காரையும் அதுவே ஓட்டட்டும், முதல்லேர்ந்து. அதுக்கு எந்தக் காரும் ஜெயிக்க வேணாம்."

"வாடகை எக்கச்சக்கம்," என்றார் டெர்மட்.

"ஒரு போன் போட்டாப் போதும்னியே, டெர்மட்."

ஃபிலிப்பா சொன்னாள்: "போடுங்க. ரோபோ ஓட்டினாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்." பிறகு க்ளெனிஸைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, "நீங்க நல்ல டிரைவர்" என்றாள். கல்லறையில் நின்று சொல்வதுபோல இருந்தது அது. சாலைக்குத் திரும்பிப்போக ஃபிலிப்பா கார்ச் சாவியை எடுத்தபோது அதன் சத்தத்தை க்ளெனிஸ் கேட்டாள். கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டெர்மட் கத்தவில்லை. மாலையில், எல்லோரும் போன பிறகு, "நான் உனக்கு என்னடி கெடுதல் பண்ணேன்?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அவளை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. பட்டை கட்டுவதற்கும் கண்ணாடி துடைப்பதற்கும் ஆள் வேண்டும், இருந்துகொள் என்றார். அது இரக்கமா தண்டனையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ரோபோ என்று சொல்கிறோமே தவிர, தலை கிடையாது, கை கிடையாது. ஓட்டுநர் இருக்கையில் வைத்துக் கட்டும் ஒரு பெட்டி, அதிலிருந்து பெடல்களுக்கு நீளும் இரண்டு இரும்புக் கம்பிகள். க்ளெனிஸ்தான் அதை இருக்கையில் ஏற்றி, பெல்ட் போட்டு, கம்பிகளைப் பெடலில் திருகினாள். தனக்கு வசதியாக வைத்திருந்த இருக்கையை அதற்காகப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது.

அது ஓட்டும்போது ஏதாவது கோளாறு வந்தால் நிறுத்துவதற்குச் சிவப்புப் பொத்தானோடு ஒரு ஆள் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும் என்பது விதி. லாக்கிஸ் அளவுக் கருவிகளை விட்டு வரமுடியாது. டெர்மட் வரமாட்டார். அவள் இடப்பக்கத்து இருக்கையில் ஏறிப் பொத்தானை மடியில் வைத்துக்கொண்டாள். பார்வை மிச்சமிருக்கும் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், ரோபோ உட்கார்ந்திருந்தது.

"மாப்பிள்ளை எப்படி?" என்றது ஒலிபெருக்கி.

"வாயத் தொறக்க மாட்டேங்குது. உன்னவிடத் தேவல."

"கட்டிக்க. தயாரா?"

"ம்."

அந்த மின்சாரக் கார் அன்று நானூற்றுப் பதினொன்று ஓடியது. டீசலும் ஹைட்ரஜனும் குடித்ததில் பாதிகூடக் குடிக்கவில்லை. ஹைட்ரஜன் கம்பெனி அந்த விதியையே மாற்றச் சொல்லி மேலே மனுக் கொடுத்திருக்கிறது என்றும் கேள்வி. இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

அப்போது தெரிந்தது வெள்ளைக் கோடு மட்டும். அது ஏறியது. பக்கத்தில் கம்பி அசைந்து பெடலை அமுக்க, கீழே உருளைகள் உறுமின. கோடு ஒரு மேட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கியபோது ரோபோ பிரேக் பிடிப்பதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முந்தியே ஏதோ அழுந்துவதை உணர்ந்தாள். குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால், பெடல் இல்லாத தரைவிரிப்பை மிதித்துக்கொண்டிருந்தது.

காலை எடுத்து இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டாள். அடுத்த மேட்டில் அது தானாக வெளியே வந்தது.